ஆவுளியா பேசணுமா, வேண்டாமா?

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் அந்த இரண்டு மாதமும் ஆம்பளைகளுக்கு வலைக் கொட்டகைதான் வீடு. கிழிந்த வலையைப் பின்னுவோம், கூடவே ஊர் வம்பையும் பின்னுவோம். இந்தத் தடவை வம்பு கொஞ்சம் விசேஷம். ஒரு மாயக்கதையைப் படமாக எடுக்கும்போது புத்தகத்தில் இருக்கிறபடியே எடுப்பதா, மாற்றுவதா? இதற்காக இரண்டு பேர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் ஒரு குறுநாவல் எழுதி, சொந்தக் காசில் 300 பிரதி போட்டார். 140 பக்கம். சங்கு குளிக்கப் போகிற ஒருவன் கையில் ஒரு வலம்புரிச் சங்கு சிக்குகிறது. காதில் வைத்தால் கடலோடு போனவர்கள் பேசுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், கரையில் உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயர் அவனுக்கு மறந்துவிடும். கூட ஒரு கிழட்டு ஆவுளியா. வெளியூர்க்காரர்களுக்குக் கடல்பசு என்றால் புரியும். அது பேசும். நன்றாகவே பேசும், நடுவில் 40 பக்கத்துக்குத் தன் வம்சக் கதையை மட்டும் சொல்லும்.

இதை 40 நிமிஷப் படமாக எடுக்கலாம் என்று நாலு பையன்கள் கிளம்பினார்கள். எல்லாரும் போட்டுத் திரட்டியது 80,000 ரூபாய். நானும் 5,000 போட்டேன், அதனால் எனக்கும் ஒரு ஓட்டு. எந்த வழியில் போவது என்று முடிவெடுக்க உட்கார்ந்தபோது, ஆளாளுக்குத் தாங்கள் பார்த்த படத்தை, படித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முதல் கட்சி, அட்சரம் பிசகக் கூடாது என்கிறவர்கள். இதற்குத் தலைவன் ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கிற தம்பி ஒருவன், ஹாரி பாட்டர் பைத்தியம். அவனுடைய தீராத மனக்குறை பீவ்ஸ் என்கிற சேட்டைப் பேய். புத்தகம் பூராவும் அது ரகளை பண்ணும், எட்டுப் படத்தில் ஒன்றில்கூட வராது. 2001-இல் வந்த முதல் படத்துக்கு ஒரு நடிகரை வைத்துக் காட்சி எடுத்தும் விட்டார்கள், அப்புறம் வெட்டிவிட்டார்கள். "எடுத்ததையே வெட்டிட்டானுங்கண்ணே" என்று அவன் சொல்லும்போது ஏதோ சொந்தக்காரனைப் பறிகொடுத்த மாதிரி இருக்கும்.

எனக்குப் பீவ்ஸ் போனதில் பெரிய வருத்தம் இல்லை. பேய் இல்லாவிட்டாலும் கதை ஓடுகிறது. ஆனால் அதே வரிசையில் மூன்றாவது படத்தில், 2004-இல் வந்தது, ஒரு வெட்டு இருக்கிறது. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. பள்ளிக்கூடத்தில் யார் எங்கே நடமாடுகிறார்கள் என்று காட்டுகிற ஒரு வரைபடம் வருமே, அதை வரைந்தது யார் என்று படம் சொல்லாது. நாலு பட்டப்பெயர் மட்டும் தெரியும். அதில் ஒன்று ஹாரியின் அப்பாவுடையது, அவர் கலைமானாக உருமாறத் தெரிந்தவர். இது தெரிந்தால்தான் கடைசியில் ஹாரியின் மந்திரக்கோலிலிருந்து மான் ஏன் பாய்ந்து வருகிறது என்பது விளங்கும். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அது அழகான ஒரு மான், அவ்வளவுதான். இரண்டு வரி வசனம் போதும், போட்டிருக்கலாம். மற்றபடி அந்த வரிசையில் எனக்குப் பிடித்ததும் அதே மூன்றாவது படம்தான். முதல் இரண்டும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் எடுத்த மாதிரி இருக்கும். குறை சொல்ல முடியாது, இரண்டாவது தடவை பார்க்கவும் தோன்றாது.

அட்சரம் பிசகாத கட்சிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எதையும் விடாமல் எடுத்தாலும் கதை கெட்டுப்போகலாம். ஹாபிட் 1937-இல் வந்த ஒரு சின்னப் புத்தகம், பிள்ளைகளுக்கானது. அதை 2012, 2013, 2014 என்று மூன்று பெரிய படமாக இழுத்தார்கள். வெட்டினதாக யாரும் புகார் சொல்ல முடியாது, அத்தனை நீளம். ஆனால் புத்தகத்தில் அந்த ஐந்து படைச் சண்டை நடக்கும்போது நம்ம கதாநாயகன் பில்போ தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பான், கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், யார் செத்தார்கள் என்று அப்புறம்தான் தெரியும். சண்டையைவிட ஒரு சின்ன ஆளின் கண்ணுக்கு எட்டினது எவ்வளவு என்பதுதான் அங்கே கதை. படத்தில் மூன்றாவது பாகமே கிட்டத்தட்ட அந்தச் சண்டைதான். புத்தகத்திலேயே இல்லாத ஒரு வீராங்கனை, அவளுக்கு ஒரு காதல், எல்லாம் உள்ளே வந்தது. ஒரு கிலோ மீனுக்கு அண்டா நிறையத் தண்ணி ஊற்றிக் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும்? மீன் அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது, ருசிதான் இல்லை.

எங்களுக்கு நீட்டுகிற ஆபத்து இல்லை, 80,000 ரூபாய்க்கு நீட்ட முடியாது. ஆனால் அந்தத் தம்பி சொன்னபடி 140 பக்கத்தையும் 40 நிமிஷத்தில் அடைத்தால் ஆளுக்கு அரை வசனம்தான் வரும்.

"அப்ப வெப் சீரிஸா எடுப்போம்" என்று ஒரு குரல் வந்தது. பத்துப் பாகமாக எடுத்தால் எல்லாவற்றையும் வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் கேம் ஆஃப் த்ரோன்ஸ் பார்த்தவர்கள் கொட்டகையில் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினோம். அது தொடங்கியது 2011-இல், நாவலின் ஐந்தாம் பாகம் வந்ததும் அதே வருஷம். ஆறாம் பாகம் வருவதற்குள் 2019-இல் தொடரே முடிந்துவிட்டது. கடைசிப் பகுதியில் ஒட்டிப் போக மூலமே இல்லை. அப்போதுதான் எல்லாரும் திட்டினார்கள் என்பதைக் கவனிக்கணும். சரி, நமக்கு ஜூன் 14-க்குள் முடித்தாக வேண்டும். கதாநாயகன் விசைப்படகில் வேலை பார்க்கிறவன், தடைக்காலம் முடிந்த அன்றைக்கு ராத்திரி கடலுக்குப் போய்விடுவான். சீரிஸ் பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டாவது வழி, எலும்பை வைத்துக்கொண்டு சதையை மாற்றுவது. இதற்கு எல்லாரும் காட்டுவது லார்ட் ஆஃப் த ரிங்ஸ், தீய மோதிரம் ஒன்றை எரிமலையில் போட்டு அழிக்க ஃபுரோடோ என்கிற சின்ன ஆள் கிளம்புகிற கதை. 2001, 2002, 2003 என்று வருஷத்துக்கு ஒன்றாக வந்த மூன்று படம், மூன்றாவதற்கு 11 ஆஸ்கர், பரிந்துரைத்த 11-ம் கிடைத்தது. எவ்வளவு வெட்டினார்கள் தெரியுமா? டாம் பாம்பாடில் என்று காட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிற ஒரு ஆள் புத்தகத்தில் வருவார், மோதிரம் அவரை ஒன்றுமே செய்யாது. படத்தில் ஆளே கிடையாது. சண்டையெல்லாம் முடித்து ஊர் திரும்பினால் சொந்த ஊரே நாசமாகிக் கிடக்கும், அதை மீட்க இன்னொரு போராட்டம் நடக்கும், அதுவும் இல்லை. ஆற்றங்கரையில் ஃபுரோடோவைக் காப்பாற்ற வருகிறவரும் வேறு ஆள். இவ்வளவுக்கும் அப்புறம் புத்தகம் படித்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் படங்களைத் தங்களுடையது என்றே சொல்கிறார்கள். எழுதியவரின் மகனுக்கு மட்டும் கடைசிவரை பிடிக்கவில்லை.

நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். அங்கே மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்று: மோதிரத்தின் சட்டம். யார் போட்டாலும் அது அவனைத் தின்னும், நல்லவன் நல்லதுக்காகப் போட்டாலும் தின்னும், கடைசியில் எரிமலை வாயில் நிற்கிற ஃபுரோடோவாலேயே அதை விட முடியாது. இதில் படம் கை வைக்கவே இல்லை. சதை எவ்வளவு மாறினாலும் கதை நிற்பதற்குக் காரணம் அதுதான். ஃபராமிர் என்கிற படைத்தலைவன் விஷயத்தில் வந்த சண்டையைக்கூட இப்படிப் பார்த்தால் புரியும். புத்தகத்தில் அவன் மோதிரத்தை வேண்டாம் என்று மறுத்துவிடுகிற பெரிய மனுஷன். படத்தில் அவனுக்கும் ஆசை வரும், ஃபுரோடோவை இழுத்துக்கொண்டு தன் ஊர்ப் படையிடம் போவான், அப்புறம்தான் மனசு மாறுவான். ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. மோதிரத்தைக் கண்டு ஒருவன் அசையவே இல்லை என்றால் அதன் வலு குறைந்துபோகும், அதனால் சட்டப்படி அந்த மாற்றம் சரி. ஆனால் ஒரு நல்ல ஆளை நாம் இழந்துவிட்டோம். இன்றைக்கும் எனக்குப் புத்தகத்து ஃபராமிர்தான் ஃபராமிர்.

மூன்றாவது வழி, விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மரம் வளர்ப்பது. இயக்குநர் பையனுக்கு இதில்தான் ஆசை, அவன் ஜப்பான் அனிமே நிறையப் பார்ப்பான். ஹவுல்ஸ் மூவிங் காசில் 1986-இல் வந்த ஆங்கில நாவல், 2004-இல் ஜப்பான் இயக்குநர் மியாசாகி படமாக எடுத்தார். நாவலில் ஹவுல் என்கிற மந்திரவாதி நிஜ உலகத்து வேல்ஸ் நாட்டுக்காரன், படத்தில் அந்தப் பேச்சே இல்லை. நாவலில் எங்கோ ஓரமாகக் கேட்கிற போர், படத்தில் வானம் முழுக்க குண்டு போடுகிறது. எழுதிய அம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்பதுதான் வேடிக்கை. ஆனால் எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. நெவர் எண்டிங் ஸ்டோரி 1984-இல் வந்தபோது நாவலாசிரியர் தன் பெயரையே எடுத்துவிடச் சொன்னார். நாவலில் பாதியைத்தான் அந்தப் படம் தொட்டது. அந்த மீதிப் பாதியில், கற்பனை உலகத்துக்குள் போன கதாநாயகப் பையன் ஒவ்வொரு ஆசை கேட்கும்போதும் தன் நிஜ வாழ்க்கையின் நினைவு ஒன்றை இழப்பான். எங்கள் அண்ணன் கதையின் சட்டத்துக்கு இது தூரத்துச் சொந்தம். அண்ணனிடம் கேட்டால் அவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்கிறார், நம்புகிறேன்.

இதற்கு நடுவில் கொட்டகை ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் வாயைத் திறந்தார். "மூலம் மூலம்ங்கிறீங்களே, நம்ம ஊரே மூலத்துல இல்லையேப்பா" என்றார். ராமேஸ்வரத்தில் சீதை கையால் மண்ணைப் பிடித்து லிங்கம் செய்தது, அனுமன் கைலாசத்திலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதமானது, இந்தக் கதை வால்மீகியில் கிடையாது. சேது கட்டும்போது மணலைப் புரட்டிக் கொண்டுவந்த அணில் கிடையாது. கம்பர் செய்ததைப் பாருங்கள்: வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான், கம்பரில் தொடவே இல்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். வில்லை ஒடிப்பதற்கு முன்னாலேயே ராமனும் சீதையும் பார்த்துக்கொள்வது கம்பருடைய வேலை. இரணியன் கதையை விபீஷணன் வாயில் வைத்து ஒரு படலமாகவே சேர்த்தார். "கம்பன் பண்ணினா காவியம், சினிமாக்காரன் பண்ணினா துரோகமா?" என்று கேட்டுவிட்டு வாத்தியார் வெற்றிலையைக் குதப்பத் தொடங்கினார். பாட்டர் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சார், கம்பர் அளவுக்கு எழுதறவன் மாத்தட்டும்" என்றான். அதுவும் சரிதான்.

பொன்னியின் செல்வனைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்த விவாதம் முடியாது. அது மாயக்கதை இல்லை என்றாலும் காயம் அதே காயம். ஐந்து பாகத்தை 2022, 2023 என்று இரண்டு படத்தில் அடக்கினார்கள். மணிமேகலை என்ற பாத்திரமே போனது, சேந்தன் அமுதன் யார் என்கிற கடைசித் திருப்பமும் போனது. என் அக்கா மணிமேகலைக்காக இரண்டு நாள் புலம்பினாள். நான் நந்தினியின் கண்ணைப் பார்த்துவிட்டு மன்னித்துவிட்டேன்.

சரி, முடிவுக்கு வருவோம். மூன்று வழியையும் எடைபோட்டதில் எனக்குத் தோன்றியது இது. சம்பவத்தில் எதையும் வெட்டலாம், மாற்றலாம். ஆனால் மாயக்கதையில் இரண்டைத் தொடக் கூடாது: மாயத்துக்கு என்ன விலை என்பது ஒன்று, அந்த மனுஷர்கள் எந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பது இன்னொன்று. மற்றக் கதையில் ஒரு தப்பு நடந்தால் வாழ்க்கை அனுபவத்தை வைத்துப் பார்ப்பவன் ஈடுகட்டிக்கொள்வான். மாயக்கதையில் அவன் பிடித்துக்கொண்டு நிற்க அந்தச் சட்டத்தைத் தவிர வேறு கயிறே கிடையாது.

எங்கள் இயக்குநர் பையனின் முதல் திரைக்கதையில் கிளைமாக்ஸ் எப்படி இருந்தது தெரியுமா? புயல் அடிக்கிறது, ஹீரோ சங்கைக் காதில் வைத்து, செத்தவர்கள் பத்துப் பேரிடம் வரிசையாக வழி கேட்டு, பத்துப் படகையும் கரை சேர்க்கிறான். கைத்தட்டல். ஒரு பெயர்கூட மறக்கவில்லை. ஏண்டா என்று கேட்டால், "மாஸா இருக்கும்ணே, அந்த நேரத்துல மறதி வச்சா இழுக்கும்" என்கிறான். நாற்பது பக்க வம்சக் கதையை வெட்டினதற்கு யாரும் சாகமாட்டார்கள், இதை மாற்றினால் சங்குக்கு என்ன மரியாதை? நான் போட்ட 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்பேன் என்று சொன்னேன். கடைசியில் ஒரே ஒரு தடவை கேட்கிறான் என்று மாறியது. படகுகள் கரைக்கு வருகின்றன, இறங்கி ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற பெண்ணின் பெயர் அவன் வாயில் வரவில்லை. புத்தகத்தில் இந்தக் காட்சி இல்லை. ஆனால் புத்தகத்துக்கு இதைவிட விசுவாசமாக ஒரு காட்சி வைக்க முடியாது என்பேன்.

மண் விஷயம் அந்தப் பெண்ணை வைத்து வந்தது. கதையில் அவள் கடல்பாசி எடுக்கிறவள். மதுரையிலிருந்து ஒரு பொண்ணு, ரீல்ஸில் பிரபலம், நல்ல சிவப்பு, கூட்டிவரலாம் என்றார்கள். இங்கேதான் எர்த்சீ கதையைச் சொன்னேன். உர்சுலா லெ குவின் எழுதிய அந்த நாவல்களில் ஊர் ஜனங்கள் பெரும்பாலும் செம்பழுப்பு, கறுப்பு நிறம், அதை அவர் யோசித்தே வைத்தார். 2004-இல் டிவி தொடராக எடுத்தவர்கள் நாயகனை வெள்ளைக்காரனாக்கிவிட்டார்கள். அந்த அம்மா வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். மந்திரம், டிராகன் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆளை வெளுத்துவிட்டால் என்ன மிச்சம்? பாசி எடுக்கப் போகிற பெண்களை நீங்கள் பக்கத்தில் பார்த்ததுண்டா? சேலைக்கு மேல் சட்டை, முகத்தில் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் துணி சுற்றிக் கட்டியிருப்பார்கள். அந்தத் துணியை அவிழ்த்தால் விரல் நுனி வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். ரீல்ஸ் பொண்ணுக்கு மேக்கப் போட்டு அதைக் கொண்டுவர முடியாது. எங்கள் தெருவிலேயே ஒரு தங்கச்சி நடிக்கிறாள். முதல் நாள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது, இரண்டாம் நாள் சரியாகிவிட்டது.

மிச்சம் இருந்தது ஆவுளியா. நிஜ ஆவுளியாவின் பக்கத்தில் கேமராவோடு போய்த் தொந்தரவு பண்ணுகிற பேச்சே கிடையாது. புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு. கிராஃபிக்ஸில் செய்ய இரண்டு நிமிஷத்துக்குக் கேட்ட காசில் எங்கள் படத்தையே இரண்டு தடவை எடுக்கலாம். பேச வைக்காமல் வெறும் மிருகமாக விட்டுவிடலாம் என்றான் இயக்குநர். பாட்டர் தம்பி எழுந்தே விட்டான். அது பேசாவிட்டால் கதை இல்லை என்றான், இந்த ஒரு இடத்தில் நானும் அவன் கட்சி. கடல்புல் மேய்கிற ஆவுளியா மூச்சு விட சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்தாக வேண்டும், அதனால் காட்டப்போவது தண்ணியில் ஒரு வளையம், ஒரு பெருமூச்சுச் சத்தம், அப்புறம் குரல். உருவத்தைப் பார்ப்பவன் மனசுக்கு விட்டுவிடலாம் என்று முடிவானது.

நாற்பது பக்கத்தை என்ன செய்வது என்று அண்ணனையே கேட்டோம். பிரின்சஸ் பிரைட் எழுதியவர் 1973-இல் வந்த தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதி, 1987-இல் படம் வந்தபோது நிறைய விஷயத்தைத் தானே விட்டிருந்தார் என்று தைரியமும் சொல்லி வைத்தேன். அண்ணன் அசரவில்லை. "எல்லாத்தையும் எடுத்துருங்கடா, ஒரே ஒரு வரி மட்டும் வையுங்க" என்றார். 'நாங்களும் ஒருகாலத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விளித்து வாழ்ந்தோம்' என்ற வரி.

குரலுக்கு என் அப்பத்தாவைப் பிடித்தோம். எண்பதைத் தாண்டினவள், பல் இல்லை, மூச்சு வாங்கும், ஆவுளியாவுக்கு அளவெடுத்த மாதிரி. கொட்டகையில் ஃபேனை நிறுத்திவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தோம். அப்பத்தா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "என்னடா இது, கோர்ட்டுல பேசுற மாதிரி இருக்கு, ஆவுளியா இப்படியா பேசும்?" என்றாள். அப்புறம் அவளாகவே, கடலைப் பார்த்துக்கொண்டு, "எங்களுக்கும் பேரு இருந்துச்சுய்யா. கூப்பிடத்தான் ஆளு இல்ல" என்றாள்.

அண்ணன் தன் பிரதியை எடுத்து, பென்சிலால் அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் அப்பத்தா சொன்னதை எழுதினார். பாட்டர் தம்பி எட்டிப் பார்த்தான். "அண்ணே, அப்ப என்கிட்ட இருக்குற புத்தகத்துல?" என்று கேட்டான்.

அண்ணன் பென்சிலை அவனிடம் நீட்டினார்.